அத்தியாயம் 8: அசெம்பிள் செய்த கம்ப்யூட்டர் கிளம்பாவிட்டால்

போன அத்தியாயத்தோடு எல்லாப் பாகங்களையும் பொருத்தி முடித்துவிட்டோம். இப்போது பவர் பட்டனை அழுத்துகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. அல்லது ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் மட்டும் ‘நோ சிக்னல்’ என்று வந்து அணைந்துபோகிறது. ‘போர்டு போயிடுச்சு’ என்றுதான் உடனே தோன்றும். அவசரப்பட வேண்டாம். புது மெஷின் கிளம்பாததற்குப் பெரும்பாலும் காரணம் முழுதாக உள்ளே போகாத ரேம், செருக மறந்த கேபிள், இடம் மாறிய ஒயர் இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இவற்றைக் கண்டுபிடிக்கக் காசு செலவில்லை. வரிசையாகப் பார்க்கும் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

இந்த அத்தியாயம் முழுக்க ஒரே விதி: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், மாற்றியதும் ஆன் செய்து பாருங்கள். ரேமை மாற்றி, பேட்டரியைக் கழற்றி, நாலு கேபிளைப் பிடுங்கிச் செருகிய பிறகு மெஷின் ஓடினாலும், எது சரியானதால் ஓடியது என்று தெரியாது. அதே கோளாறு திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, செய்தது என்ன, நடந்தது என்ன என்று இரண்டிரண்டு வார்த்தையில் எழுதிக்கொண்டே போங்கள். கடைசியில் கடைக்குப் போக நேர்ந்தால் அந்தப் பக்கம் பெரிதும் உதவும்.

கை வைப்பதற்கு முன்

1. எந்தக் கேபிளைத் தொடுவதானாலும் முதலில் சுவர் ஸ்விட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனை 10 விநாடி அழுத்திப் பிடியுங்கள். தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும். போர்டில் எரிந்த சிறு விளக்கு அணைந்த பிறகே உள்ளே கை போக வேண்டும்.

2. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் அப்படியே இருக்கும். உயிருக்கு ஆபத்து. எஸ்எம்பிஎஸ் பழுது என்றால் மாற்றுவதுதான் வழி.

3. எர்த் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் விர்ரென்று இருக்கிறது என்று பலரும் சொல்வார்கள். ‘எல்லா கம்ப்யூட்டரும் அப்படித்தான்’ என்று விட்டுவிடுவார்கள். அது தவறு. எஸ்எம்பிஎஸ்ஸின் ஃபில்டர் கசியவிடும் சிறு மின்சாரம் எர்த் வழியாகப் போய்விட வேண்டும். எர்த் இல்லாததால்தான் அது கேபினட்டில் நிற்கிறது. மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருந்தால் அதை இன்றே தூக்கிப் போடுங்கள். சாக்கெட்டிலேயே எர்த் இல்லையென்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிசெய்த பிறகு மேலே படியுங்கள்.

4. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றி வையுங்கள். ரேமையோ கார்டையோ எடுக்கும் முன் கேபினட்டில் பெயிண்ட் அடிக்காத இரும்பு பாகத்தை ஒருமுறை தொடுங்கள். உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் இறங்கிவிடும். எந்தப் பாகத்தையும் ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள்.

5. பழைய அல்லது விலை குறைந்த எஸ்எம்பிஎஸ் சிலவற்றில் பின்பக்கம் 115, 230 என்று சிறிய சிவப்பு ஸ்விட்ச் இருக்கும். நம் ஊர் மின்சாரத்துக்கு அது 230-இல்தான் இருக்க வேண்டும். 115-இல் இருக்கும்போது பிளக்கைப் போட்டால் எஸ்எம்பிஎஸ் வெடித்துவிடும்.

எந்த இடத்தில் நிற்கிறது?

கிளம்பாத மெஷின் நான்கு விதம். பட்டனை அழுத்தியும் அசைவே இல்லை. ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை. ஆன் ஆகிச் சில விநாடியில் அணைகிறது. பயாஸ் வருகிறது, விண்டோஸ் வரவில்லை. உங்களுடையது இவற்றில் எது என்று பார்த்து நேராக அந்தப் பகுதிக்குப் போங்கள். விண்டோஸ் வராத மெஷினுக்கு எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றிப் பார்ப்பது வீண் வேலை.

1. அசைவே இல்லை

1. அதே சாக்கெட்டில் ஒரு டேபிள் லேம்ப்பையோ மொபைல் சார்ஜரையோ போட்டுப் பாருங்கள். யுபிஎஸ், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எதுவும் நடுவில் வேண்டாம். நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகுங்கள்.

2. எஸ்எம்பிஎஸ்ஸின் பின்பக்க ஸ்விட்சில் கோடு போட்ட பக்கம் அழுந்தியிருக்க வேண்டும். வட்டம் போட்ட பக்கம் அழுந்தியிருந்தால் ஆஃப்.

3. போர்டின் 24 பின் கனெக்டரைக் கழற்றி மறுபடி செருகுங்கள். இது இறுக்கமானது. அழுத்தும்போது போர்டு வளையும். அந்தப் பயத்தில் பலர் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள். இன்னொரு கையால் போர்டின் ஓரத்தைத் தாங்கிக்கொண்டு அழுத்துங்கள். கனெக்டரின் பக்கவாட்டுக் கொக்கி, போர்டில் இருக்கும் பல்லில் போய் மாட்ட வேண்டும். மாடுலர் எஸ்எம்பிஎஸ் என்றால் கேபிளின் மறுமுனையையும் பாருங்கள்.

4. கேபினட்டின் முன்பக்க பவர் பட்டனிலிருந்து வரும் மெல்லிய இரட்டை ஒயர் சரியான பின்களில் இருக்கிறதா? இங்கேதான் அதிகம் பேர் தவறுகிறார்கள். போர்டின் கீழ் வலது மூலையில் இரண்டு வரிசையாகப் பொதுவாக 9 பின்கள் இருக்கும். பத்தாவது பின் இருக்க வேண்டிய இடம் காலி. பெரும்பாலான போர்டுகளில் 6, 8 ஆகிய இரண்டும் பவர் பட்டனுக்கு. 5, 7 ரீசெட்டுக்கு. உங்கள் போர்டின் கையேட்டில் படம் இருக்கும், அதையே நம்புங்கள். பட்டன் ஒயரை எந்தப் பக்கம் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும். எல்இடி ஒயருக்குத்தான் பிளஸ், மைனஸ் உண்டு.

5. அப்படியும் அசையவில்லையா? முன்பக்க ஒயர்களை எல்லாம் கழற்றிவிட்டு, மின்சாரத்தை ஆன் செய்து, பவர் பட்டனுக்குரிய அந்த இரண்டு பின்களை மட்டும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு விநாடி சேர்த்துத் தொடுங்கள். அங்கே இருப்பது மிகக் குறைந்த மின்னழுத்தம். கைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் நுனி பக்கத்துப் பின்னில் படக் கூடாது. மெஷின் கிளம்பினால் கேபினட் பட்டன்தான் கோளாறு.

*குறிப்பு:* பட்டன் கெட்டிருந்தால் அதற்காகக் கேபினட்டை மாற்ற வேண்டியதில்லை. ரீசெட் பட்டனின் ஒயரை எடுத்துப் பவர் பின்களில் மாட்டிவிடுங்கள். அதன்பின் ரீசெட் பட்டனே பவர் பட்டன்.

6. ஸ்க்ரூடிரைவருக்கும் மசியவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் மேல் சந்தேகம் விழுகிறது. தெரிந்தவரிடம் வேறொன்று இருந்தால் கேட்டு வாங்கி மாட்டிப் பாருங்கள்; அதுவே நல்ல சோதனை. மாடுலர் என்றால் அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். வேறு மாடலின் கேபிள் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், உள்ளே ஒயர் வரிசை மாறியிருக்கும். மாற்றி மாட்டினால் எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் ஒரு நொடியில் எரிந்துபோகும். பச்சை ஒயரையும் கருப்பு ஒயரையும் கம்பியால் இணைத்துப் பார்க்கும் பழைய முறையை நான் பரிந்துரைப்பதில்லை. எல்லா ஒயரும் கருப்பாக வரும் காலம் இது. பின்னை எண்ணுவதில் ஒன்று தவறினால் போதும். எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் என்று ஒரு சின்னக் கருவி சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் கிடைக்கிறது, அதை வாங்கிக்கொள்ளுங்கள்.

2. ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே இல்லை

இதுதான் அடிக்கடி வருகிற சிக்கல். இதற்குக் காரணங்களும் அதிகம். எளியதிலிருந்து தொடங்குவோம்.

*முதலில் காத்திருங்கள்.* டிடிஆர்5 ரேம் போட்ட மெஷின், அதிலும் ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட் போர்டு, முதல்முறை ஆன் செய்யும்போது ரேமோடு ஒத்துப்போகத் தானே சில அளவுகளைப் பழகிக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். சில நிமிடம் பிடிக்கலாம். அதிக ஜிபி போட்டிருந்தால் இன்னும் தாமதமாகலாம். நடுவில் தானாக அணைந்து எரிவதும் உண்டு. இந்த நேரத்தில் பொறுமையிழந்து பட்டனை அழுத்தி அணைத்தால், அடுத்த தடவை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். 10 நிமிடமாவது தொடாமல் விடுங்கள்.

*மானிட்டர் கேபிள் எங்கே போகிறது?* கிராபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் செருகியிருக்க வேண்டும். போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ துளையில் மாட்டிவிட்டுத் தவிப்பவர்கள் நிறைய. இன்டெல் பிராசசர் பெயரின் கடைசியில் எஃப் என்று இருந்தால் (ஐ5-12400எஃப் போல) அதற்குள் கிராபிக்ஸ் கிடையாது. போர்டின் துளையில் என்ன செய்தாலும் படம் வராது. ரைசன் 5600, 3600 போன்றவையும் அப்படியே. 5600ஜி என்றால் உண்டு. மானிட்டரில் இன்புட் சரியாகத் தேர்ந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

*பிராசசருக்கு மின்சாரம் போகிறதா?* 24 பின் மட்டும் போதாது. போர்டின் மேல் இடது மூலையில், ஹீட்சிங்க்குப் பக்கத்தில், 8 பின் கனெக்டர் ஒன்று தனியாக இருக்கும். அது இல்லாமலும் ஃபேன்கள் சுற்றும், விளக்குகள் எரியும். பிராசசர் மட்டும் உயிர் பெறாது. கேபினட்டில் அந்த மூலை இடுக்கானது என்பதால் மறப்பது சுலபம். இதில் மாட்ட வேண்டியது 4+4 ஆகப் பிரியும் கேபிள், அதன் மேல் சிபியு என்று அச்சிட்டிருக்கும். 6+2 ஆகப் பிரிவது கிராபிக்ஸ் கார்டுக்கானது. இரண்டிலும் பிளஸ், மைனஸ் இருக்கும் பக்கமே மாறுபடும். சரியான கேபிள் சுலபமாக இறங்கும். பலம் போட்டுத் திணிக்க வேண்டியிருந்தால் நிறுத்திவிட்டு எழுத்தைப் படியுங்கள்.

*போர்டு என்ன சொல்கிறது?* இப்போது வரும் பெரும்பாலான போர்டுகளில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய நான்கு குட்டி எல்இடிகள் ஓரத்தில் இருக்கும். ஆன் ஆகும்போது ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். உங்கள் போர்டில் அது இல்லையென்றால் சின்ன பீப் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி, போர்டில் ஸ்பீக்கர் என்று எழுதிய 4 பின்களில் மாட்டுங்கள். நீளம், குறுக்கம் என்று வரும் ஒலிக் கணக்குக்கு அர்த்தம் போர்டுக்குப் போர்டு மாறும், கையேட்டைப் பாருங்கள்.

*ரேம்.* டிராம் விளக்கு நின்றால், நின்றாலும் நிற்காவிட்டாலும்கூட, அடுத்துப் பார்க்க வேண்டியது ரேம்தான்.

1. மின்சாரத்தைத் துண்டித்து எல்லா ரேமையும் கழற்றுங்கள்.
2. ஒரே ஒரு ரேமை, பிராசசரிலிருந்து எண்ணினால் இரண்டாவது ஸ்லாட்டில் போடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டுகளில் வழக்கமாக இதுவே முதல் தேர்வு. கையேட்டில் ஏ2 என்று இருக்கும். இரண்டு ரேம் என்றால் இரண்டாவதும் நான்காவதும்.
3. ரேமின் அடியில் இருக்கும் வெட்டு, ஸ்லாட்டில் இருக்கும் மேட்டுக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்து, இரண்டு முனையிலும் கட்டைவிரலை வைத்துச் சீராக அழுத்துங்கள்.
4. கொக்கி தானாக மூடிக் ‘க்ளிக்’ என்று ஒலிக்க வேண்டும். நீங்களே கொக்கியை மடக்கிவிட்டால் அது உட்கார்ந்ததாகாது.

பல போர்டுகளில் ஒரு பக்கம் மட்டுமே கொக்கி இருக்கும். கொக்கி உள்ள பக்கம் மூடியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். மறுமுனை ஒரு மில்லிமீட்டர் தூக்கியபடி நிற்கும். டார்ச் அடித்துப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். ரேமின் தங்க நிறக் கோடுகள் இரண்டு முனையிலும் ஒரே அளவில் ஸ்லாட்டுக்குள் மறைந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மெல்லிய தங்கக் கீற்று தெரிந்தால் அதுதான் உங்கள் கோளாறு.

ஒரு ரேமில் வராவிட்டால் அதே ஸ்லாட்டில் அடுத்ததைப் போடுங்கள். அதற்கும் வராவிட்டால் ஸ்லாட்டை மாற்றுங்கள். பழைய ரேம் என்றால் தங்கக் கோடுகளைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும்.

*கிராபிக்ஸ் கார்டு.* கழற்றி, போர்டின் முதல் நீள ஸ்லாட்டில் மறுபடி அழுத்துங்கள். கார்டின் மேல் பவர் துளை இருந்தால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து அதற்குக் கேபிள் கட்டாயம் போக வேண்டும். பிராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் கார்டையே எடுத்துவிட்டு, மானிட்டரைப் போர்டில் மாட்டிப் பாருங்கள். படம் வந்தால் குற்றவாளி யாரென்று தெரிந்துவிடும்.

*பயாஸை ஆரம்ப நிலைக்குக் கொண்டுவருதல்.* பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் காசு வடிவ சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, 5 நிமிடம் கழித்து மாட்டுங்கள். அல்லது கையேட்டில் காட்டிய இரண்டு பின்களைச் சில விநாடி ஸ்க்ரூடிரைவரால் சேர்த்துப் பிடியுங்கள். ரேமை வேகப்படுத்தும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ வசதியை ஆன் செய்த பிறகு டிஸ்ப்ளே போனது என்றால், பெரும்பாலும் இதுவே தீர்த்துவிடும்.

பிராசசர் புதிது, பயாஸ் பழையது

எல்லாம் சரியாக இருந்தும் சிபியு விளக்கு மட்டும் நிற்கிறதா? பிராசசரும் போர்டும் ஒரே சாக்கெட்டாக இருந்தாலும், போர்டில் இருக்கும் பயாஸுக்கு அந்தப் பிராசசரை அடையாளம் தெரியாமல் இருக்கலாம். பழைய பி450 போர்டில் ரைசன் 5000 வரிசை, பி660 போர்டில் இன்டெல் 13-ஆம் தலைமுறை, பி650 போர்டில் ரைசன் 9000 வரிசை ஆகியவை இப்படி நிற்பதற்குப் பேர்போனவை. கடையில் நெடுநாள் கிடந்த போர்டாக இருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம்.

போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃப்ளாஷ்பேக் என்ற பட்டன் இருந்தால் நீங்களே செய்யலாம். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் போர்டின் சரியான மாடலுக்கான கோப்பை இறக்கி, எஃப்ஏடி32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் கையேடு சொல்லும் பெயரில் போட்டு, குறிப்பிட்ட யுஎஸ்பி துளையில் செருகிப் பட்டனை அழுத்த வேண்டும். விளக்கு மின்னி முடியும்வரை மின்சாரம் போகக் கூடாது. போனால் போர்டு செயலற்றுப் போகலாம். ஆகவே இந்த ஒரு வேலையை யுபிஎஸ்ஸில் வைத்தே செய்யுங்கள். மழை, இடி நாளில் வேண்டாம். அந்தப் பட்டன் இல்லாத போர்டு என்றால் வாங்கிய கடையிலேயே அப்டேட் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

3. ஆன் ஆகிச் சில விநாடியில் அணைகிறது

போர்டுக்கும் கேபினட்டுக்கும் நடுவில் பித்தளை ஸ்டாண்ட்ஆஃப்கள் இருக்கும். ஏடிஎக்ஸ் போர்டில் பொதுவாக 9 ஸ்க்ரூ துளைகள். துளை இல்லாத இடத்தில் ஒரு ஸ்டாண்ட்ஆஃப் மிச்சமாக நின்றால் அது போர்டின் அடியில் இடித்து ஷார்ட் ஆக்கும். எஸ்எம்பிஎஸ் தன்னைக் காத்துக்கொள்ள உடனே அணைந்துவிடும். கீழே விழுந்து போர்டுக்கு அடியில் உருண்டுபோன ஸ்க்ரூவும் இதையே செய்யும். கேபினட்டை மெதுவாகச் சாய்த்து, ஏதாவது கலகலக்கிறதா என்று கேளுங்கள்.

ஒரு நிமிடம்போல ஓடிவிட்டு அணைந்தால் பிராசசர் சூடாகிறது என்று பொருள். ஹீட்சிங்க்கின் அடியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை எடுத்தீர்களா? அதன் ஃபேன் ஒயர் சிபியு ஃபேன் என்று எழுதிய பின்களில் இருக்கிறதா? நாலு முனையும் சமமாக இறங்கியிருக்கிறதா?

*கவனம்:* ஏஎம்4 பிராசசரின் அடியில் 1331 பின்கள் உண்டு. ஹீட்சிங்க்கை நேராக மேலே இழுத்தால் பேஸ்ட்டில் ஒட்டிக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிய்ந்து வரும், பின்கள் வளையும். மெஷினைச் சிறிது நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட் இளகியதும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, இடமும் வலமுமாக மெல்லத் திருகிப் பிறகு தூக்குங்கள். ஓடாத மெஷின் என்றால் ஹேர் டிரையரால் ஹீட்சிங்க்கை லேசாகச் சூடாக்கலாம்.

எதற்கும் மசியாவிட்டால்: பெட்டிமேல் வைத்துப் பார்ப்பது

எல்லாப் பாகங்களையும் கேபினட்டிலிருந்து வெளியே எடுங்கள். மதர்போர்டு வந்த அட்டைப்பெட்டியின் மேல் போர்டை வையுங்கள். அது சுற்றி வந்த வெள்ளி நிறப் பையின்மேல் வைக்காதீர்கள். அதன் வெளிப்புறம் மின்சாரத்தைக் கடத்தக்கூடும். பிராசசர், ஹீட்சிங்க், ஒரே ஒரு ரேம், இரண்டு பவர் கேபிள், மானிட்டர், பிராசசரில் கிராபிக்ஸ் இல்லையென்றால் மட்டும் கார்டு. வேறு எதுவும் வேண்டாம். ஸ்க்ரூடிரைவரால் ஆன் செய்யுங்கள்.

படம் வந்தால், ஒவ்வொரு பாகமாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் ஆன் செய்து பாருங்கள். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ அதுதான் காரணம். கேபினட்டுக்குள் வைத்ததும் நின்றால் எங்கோ ஷார்ட். படமே வரவில்லை என்றால் போர்டு, பிராசசர், ரேம், எஸ்எம்பிஎஸ், கார்டு இவற்றில் ஒன்று. தெரிந்தவரின் மெஷினில் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டியதுதான்.

இந்தக் கட்டத்தில் பிராசசரைக் கழற்றி, சாக்கெட்டையும் பாருங்கள். எல்ஜிஏ1700, ஏஎம்5 சாக்கெட்டுகளில் பின்கள் போர்டில் இருக்கும். சாய்வாக டார்ச் அடித்தால் வரிசை வரிசையாக ஒரே திசையில் மினுங்கும். ஒன்று வளைந்திருந்தாலும் அந்த இடத்தில் மினுமினுப்பு மாறித் தெரியும். விரலால் தொடாதீர்கள். வளைந்த பின்னுக்கு வாரண்டி கிடைப்பது அரிது.

4. பயாஸ் வருகிறது, விண்டோஸ் வரவில்லை

மூச்சு விடுங்கள், பாகங்கள் பெரும்பாலும் நலம். பயாஸுக்குள் போய் எஸ்எஸ்டியின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.

தெரியவில்லையா? எம்.2 எஸ்எஸ்டி என்றால் சாய்வாகச் செருகி, அடிவரை தள்ளி, பிறகு படுக்கவைத்து ஸ்க்ரூ போட வேண்டும். சில எம்.2 ஸ்லாட்டுகள் என்விஎம்இ வகையை மட்டுமே ஏற்கும். சாட்டா வகை எம்.2 அதில் பொருந்தும், ஆனால் ஓடாது. சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை நிரப்பினால் குறிப்பிட்ட சாட்டா துளைகள் செயலற்றுப் போகும். அதனால்தான் நேற்றுவரை தெரிந்த பழைய ஹார்டு டிஸ்க் இன்று காணாமல் போகிறது; கேபிளை வேறு துளைக்கு மாற்றுங்கள்.

பெயர் தெரிகிறதா? அப்போது பூட் வரிசையில் ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலில் இருக்கட்டும். செருகி மறந்த பென்டிரைவ் இருந்தால் பிடுங்குங்கள். பழைய மெஷினிலிருந்து கொண்டுவந்த டிஸ்க் என்றால், அதில் விண்டோஸ் பழைய எம்பிஆர் முறையில் போட்டிருக்கலாம். புதிய போர்டுகள் யுஇஎஃப்ஐ முறையில் ஜிபிடி டிஸ்க்கைத்தான் எதிர்பார்க்கும். சிஎஸ்எம் என்ற வசதி பயாஸில் இருந்தால் ஆன் செய்து, பழைய டிஸ்க்கிலிருந்து முக்கியமான கோப்புகளைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு சிஎஸ்எம்மை அணைத்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடுவதே நல்லது. விண்டோஸ் 11-க்கு யுஇஎஃப்ஐயும் டிபிஎம் 2.0-ம் தேவை.

கடைக்குக் கொண்டுபோகும்போது

எந்தப் பாகம் என்று பிடிபட்டால் அதை மட்டும், அதன் பெட்டி, பில், சீரியல் எண் ஸ்டிக்கரோடு கொண்டுபோங்கள். மதர்போர்டைத் திருப்பித் தருவதானால் சாக்கெட்டின் மேல் இருந்த பிளாஸ்டிக் மூடியைப் போட்டுத்தான் தர வேண்டும். மூடி இல்லாமல் பல இடங்களில் வாங்க மாட்டார்கள். கொடுக்கும் முன் கவுண்டரிலேயே சாக்கெட்டின் பின்களை மொபைலில் தெளிவாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாகம் பிடிபடாவிட்டால் முழு மெஷினையும் கொண்டுபோய், உங்கள் நோட்டுப் பக்கத்தையும் காட்டுங்கள். எந்த விளக்கு நின்றது, எந்த ரேமை எந்த ஸ்லாட்டில் போட்டுப் பார்த்தீர்கள் என்று சொன்னால் அவர்கள் அங்கிருந்தே தொடங்குவார்கள். கனமான கிராபிக்ஸ் கார்டு இருந்தால், வண்டியில் போகும்போது ஸ்லாட் உடையாமல் இருக்க, அதைக் கழற்றித் தனிப் பெட்டியில் எடுத்துப் போங்கள்.